இருவர் பறக்க ஒரு விமானம்

இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று நம் சங்க மலரில் கட்டுரை வருவதைக் கண்டு நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தையே தவணையில் கட்டுகிற நமக்கு விமானம் வாங்கும் யோசனை எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், நாம் முதலாண்டில் உருப்போட்டுத் தேர்வில் கக்கிய சில சூத்திரங்கள், ஒரு மனிதரின் கைப்பணத்தையும் அவருடைய மகனின் உயிரையும் காக்கக்கூடியவை என்று கண்ட பிறகு, அதை எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் குடியிருப்பது நீலசந்திராவில். அந்தப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், தெருவில் பாதிப் பேச்சு தமிழாகத்தான் இருக்கும். கிழக்கே சிறிது தொலைவில் எச்.ஏ.எல். விமான நிலையம். எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. திருநெல்வேலிக்காரர். முப்பது வருடம் இரும்பைக் கடைந்து சம்பாதித்தவர், நாற்பத்து நான்காம் வயதில் ஜக்கூருக்குப் போய் விமானம் ஓட்டக் கற்று, தனி விமானி உரிமமும் பெற்றுவிட்டார். அந்த உரிமத்துக்கு வயது பதினேழு நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மருத்துவச் சோதனையும் எழுத்துத் தேர்வுகளும் தனி. இப்போது சொந்தமாக ஒரு விமானம் வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று விலைக்கு வந்திருந்தன. ஒரு வாரத்தில் முன்பணம் கொடுப்பதாக இருந்தார்.

“தம்பி, நீ பௌதிகம் படிக்கிற பிள்ளை. தரகன் சொல்லுறதை நான் நம்பல. பையனைப் பக்கத்துல உட்கார வச்சு மைசூர் வரைக்கும் போய் வரணும். எது தாங்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லு” என்றார்.

அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. இருவர் அமரும் விமானம் பெங்களூருக்குப் புதியது அன்று. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு இங்கே இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கே முதன்முதலாகப் பூட்டி 1941-ல் பறக்கவிட்டது ஹார்லோ என்ற அமெரிக்கப் பயிற்சி விமானம். அதில் இருக்கைகள் இரண்டே. பின்னர், ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிராண்டில் என்ற பேராசிரியரிடம் பயின்று திரும்பிய வி. எம். காட்டகே தலைமையில், நம்மவர்களே வரைந்து கட்டிய எச்.டி.-2 விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. அதுவும் இருவருக்கானதே, ஒருவர் முன், ஒருவர் பின். கானா நாட்டு விமானப் படையும் அதை வாங்கியது. 1958-ல் வந்தது புஷ்பக். அமெரிக்க ஏரோங்கா விமானத்தைத் தழுவியது. 90 குதிரைத் திறன் எஞ்சின். இருவர் தோளோடு தோள் உட்காரலாம். நூற்றைம்பது வரை கட்டி நாடெங்கும் பறக்கும் சங்கங்களுக்குக் கொடுத்தார்கள். சென்னையில் அத்தகைய சங்கம் 1930-லேயே தோன்றிவிட்டது என்பதையும் நாம் மறக்கக்கூடாது. பின்பு தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் இதே பழைய விமான நிலையச் சாலையில் கண்ணாடி இழையும் பிசினும் கலந்த உடலோடு ஹன்ஸாவை உருவாக்கி 1993-ல் பறக்கவிட்டது. அதன் புதிய வடிவம் 2021 செப்டம்பர் 3-ஆம் நாள் இங்கேயே முதன்முதல் வானில் ஏறியது. ராஜ் ஹம்சா என்ற பெங்களூர்க் கம்பெனி எக்ஸ்-ஏர் என்னும் மைக்ரோலைட்டுகளைக் கட்டி வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. ஆக, நம் ஊர் இந்தச் சிறு பறவைகளின் கூடு என்றே சொல்லலாம்.

அண்ணாச்சிக்கு வந்த மூன்றும் இவை: ஒரு மைக்ரோலைட்; ஒரு பழைய செஸ்னா 152; எங்கோ ஒரு கொட்டகையில் துணி கிழிந்து கிடக்கும் ஒரு புஷ்பக். அவர் மனம் புஷ்பக்கின்மேல்தான் இருந்தது. சிறுவனாக இருந்தபோது தலைக்கு மேலே பறக்கக் கண்டது அது.

விமானம் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது விமானத்தை அன்று, காற்றை. இதை நான் சொன்னபோது அண்ணாச்சி சிரித்தார். இறக்கை தரும் தூக்குவிசை, காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் இறக்கைப் பரப்பையும் பொறுத்தது என்பது நாம் படித்தது. கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோ. விமானக் கம்பெனிகள் விளம்பரத் தாளில் அச்சிடும் அழகான எண்களெல்லாம் இந்தக் காற்றுக்கு உரியவை. நம் பெங்களூரோ ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் இருக்க வேண்டிய இயல்பான வெப்பம் 9 டிகிரி. சித்திரை மாதத்துப் பிற்பகலில் இங்கே 35 டிகிரி அடிக்கிறது. 26 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்கு 120 அடி என்று விமானிகள் வைத்திருக்கும் வாய்ப்பாட்டின்படி அது மேலும் 3000 அடிக்குச் சமம். அதாவது, விமானம் ஜக்கூரில் நின்றாலும், அதன் இறக்கையும் எஞ்சினும் தாம் குன்னூரில் நிற்பதாகவே எண்ணுகின்றன. குன்னூரின் குளிர் மட்டும் இல்லை!

இதை வாயு விதியைக் கொண்டும் சரிபார்க்கலாம். 3000 அடியில் காற்றழுத்தம் சுமார் 908 ஹெக்டோபாஸ்கல். வெப்பம் 308 கெல்வின். வகுத்துப் பார்த்தால் கன மீட்டருக்கு 1.03 கிலோ வருகிறது. ஆறில் ஒரு பங்கு காற்றைக் காணோம்.

இதன் விளைவுகள் மூன்று திசையில் வருகின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் வருகின்றன என்பதுதான் அபாயம். எஞ்சின் உறிஞ்சும் காற்று குறைவதால் அதன் திறன் குறைகிறது; 110 குதிரை என்று வாங்கிய எஞ்சினில் 90 குதிரைதான் அன்று பிற்பகல் வேலைக்கு வந்திருக்கும். புரொப்பெல்லர் தள்ளும் காற்றும் மெலிந்தது. இறக்கைக்கோ, அதே பாரத்தைத் தூக்க 9 விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டும். குறைந்த பலத்தோடு கூடுதல் வேகத்தை எட்ட வேண்டுமானால் ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓட வேண்டும். செஸ்னா 152-இன் கையேடு கடல் மட்டத்தில் 725 அடி ஓடினால் தரையை விட்டு எழும் என்கிறது. நம் ஊர்ப் பிற்பகலில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிவிடும். எழுந்த பின்னும் மேலேறும் வேகம் கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கும். இறங்கும்போது வேகமானி வழக்கமான எண்ணையே காட்டும். ஏனெனில் அதுவும் அதே மெலிந்த காற்றைத்தான் அளக்கிறது. ஆனால் சக்கரம் தரையைத் தொடும் உண்மை வேகம் 9 விழுக்காடு அதிகம். பிரேக் விழுங்க வேண்டிய இயக்க ஆற்றல் 19 விழுக்காடு அதிகம். முதலில் வந்த ஹன்ஸா-3 விமானத்துக்கு டர்போ பொருத்திய ரோட்டாக்ஸ் 914 எஞ்சினைத் தேர்ந்ததன் பயன் இங்கே நன்றாகப் புரிகிறது. டர்போ என்பது மெலிந்த காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டும் விசிறி. அது இருந்தால் குன்னூரிலும் எஞ்சினுக்கு மூச்சு வாங்காது.

அடுத்தது எடை. என் கருத்தில் இதுதான் முழு விஷயத்தின் உயிர்நிலை. விமானம் வாங்க வருபவர்கள் வேகத்தைக் கேட்கிறார்கள், வண்ணத்தைப் பார்க்கிறார்கள், உள்ளே எத்தனை திரைகள் மின்னுகின்றன என்று எண்ணுகிறார்கள். ‘இது எவ்வளவு சுமக்கும்?’ என்று கேட்பவர் குறைவு. சந்தையில் மாட்டு வண்டி வாங்கும் நம் குடியானவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அண்ணாச்சி 92 கிலோ. மகன் கல்லூரி மாணவன், 80 கிலோ. (இவர்களைப் பட்டறைத் தராசிலேயே, செருப்போடும் உடையோடும் நிறுத்தேன். சொல்கிற எடையை நம்பக்கூடாது.) கூட்டினால் 172. பை ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டோம்.

மைக்ரோலைட்டின் உச்ச எடை 450 கிலோ. வெறும் எடை 260 கிலோ. மிச்சம் 190. அதில் இருவரும் ஏறினால் மீதி 18 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ; ஆக 25 லிட்டர் ஊற்றலாம். மணிக்கு 15 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு இது 1 மணி 40 நிமிடத்துக்குப் போதும். அதில் கடைசி அரை மணியைத் தொடக்கூடாது. வழி தவறினாலோ, இறங்குமிடத்தில் காத்திருக்க நேர்ந்தாலோ அதுதான் கையிருப்பு. எஞ்சியது 1 மணி 10 நிமிடம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அந்த நேரத்தில் 115 கிலோமீட்டரைக் கடக்கும். ஜக்கூரிலிருந்து மைசூர் விமான நிலையம் ஆகாய மார்க்கத்தில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். எதிர்க்காற்று வேறு அடித்தால் மண்டியா வயல்களில்தான் இறங்க வேண்டும்.

தரகர் சொன்னது பொய்யல்ல என்பதையும் நான் சொல்ல வேண்டும். ‘இருவர் அமரலாம், நான்கு மணி நேரம் பறக்கலாம்’ என்றார். இரண்டும் தனித்தனியே உண்மை. இரண்டும் சேர்ந்து உண்மையல்ல. தனியாக, காலை வேளையில், ஊரைச் சுற்றி வர விரும்புபவருக்கு அந்த மைக்ரோலைட் தங்கமான வண்டி. அண்ணாச்சிக்கு வேண்டியது அது அன்று.

புஷ்பக்கின் உச்ச எடை சுமார் 613 கிலோ, வெறும் எடை 395. மிச்சம் 218. இருவர் போக 46 கிலோ, அதாவது 64 லிட்டர். மணிக்கு 20 லிட்டருக்குச் சற்று மேலே குடித்தாலும் மூன்று மணி நேரத்துக்கு அருகே வருகிறது. கணக்கு அதற்குச் சாதகமே! 90 குதிரை எஞ்சினானாலும் நீண்ட இறக்கை, பாரம் குறைவு. அறுபதாண்டுக்கு முன் வரைந்தவர்கள் நம் நாட்டு வெயிலை அறிந்தவர்கள் என்று மெச்சத் தோன்றுகிறது.

செஸ்னா 152-இன் உச்ச எடை 757 கிலோ. விற்பவர் காட்டிய எடைத் தாளில் வெறும் எடை 515 கிலோ. ஏட்டில் உள்ளதைவிட இது கூடுதல். பழைய விமானங்கள், மனிதரைப் போலவே, வயது ஏற ஏறக் கனக்கும். ஒரு வானொலி, இரண்டு முறை பெயின்ட், பழுது பார்த்த ஒட்டுத் தகடு எல்லாம் சேரும். மிச்சம் 242; இருவர் போக 70 கிலோ. தொட்டி நிரம்ப ஊற்றினால் கிட்டத்தட்ட அதே எடை. “அப்போ தொட்டியை நிரப்பிடலாம்லா?” என்றார் அண்ணாச்சி. நிரப்பலாம், ஆனால் எதற்கு நிரப்ப வேண்டும்? மணிக்கு 23 லிட்டர் வீதம் மைசூருக்குப் போய்த் திரும்பவும், அரை மணிக் கையிருப்புக்கும் 55 லிட்டர் போதும். மீதி 40 லிட்டரைத் தரையில் விட்டுவிட்டால் 29 கிலோ இலேசாகிறது. சித்திரை வெயிலில் அந்த 29 கிலோ ஓடுபாதையின் கடைசி நூறு அடியைத் திரும்பக் கொடுக்கும்.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம் கிணற்றடியில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. மரத்தின்மேல் நடப்பவர் இரண்டு அடி முன்னே போனால் சால் ஒரு பக்கம் போகும். பின்னே வந்தால் மறுபக்கம். விமானமும் ஓர் ஏற்றமே. ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போய்விட்டால் வால் அதைத் தாங்கி நிறுத்தும் வலிமையை இழக்கும். மூக்கு தானாக மேலெழும். வேகம் குறைந்து இறக்கை காற்றைக் கைவிடும். தோளோடு தோள் உட்காரும் விமானங்களில் இருவரும் மையத்தருகே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. முன்பின்னாக உட்கார்வதில் ஒருவர் ஏறாவிட்டால் கணக்கே மாறும். அத்தகைய சில விமானங்களைத் தனியே ஓட்டும்போது இன்ன இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்று கையேட்டில் கண்டிருக்கும்.

சக்கரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புஷ்பக்குக்கும் எச்.டி.-2-க்கும் மூன்றாம் சக்கரம் வாலில். ஈர்ப்பு மையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னே இருப்பதால், தரையில் ஓடும்போது சற்றே கோணினால் வால் முன்னே வர முயலும். கால் மிதியால் ஓயாது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். செஸ்னாவுக்கும் ஹன்ஸாவுக்கும் சக்கரம் மூக்கில். கோணினாலும் தானே நேராகும். வால் சக்கரத்தில் கற்றவன்தான் விமானி என்று மூத்தவர்கள் மீசையை முறுக்குவதுண்டு. அண்ணாச்சி கற்றது மூக்குச் சக்கரத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறக்கப் போகிறவர். அவருக்கு மீசை தேவையில்லை.

இனி எரிபொருள். இதில் அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, பலர் கவனிக்கவில்லை. செஸ்னாவின் எஞ்சின் விமானப் பெட்ரோலில் ஓடுவது. ஈயம் கலந்த இந்தப் பெட்ரோலை நம் நாடு நெடுங்காலம் இறக்குமதி செய்துவந்தது. 2022-இலிருந்து இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது; விலையும் கசக்கும். ரோட்டாக்ஸ் எஞ்சின் பூட்டிய சிறு விமானங்கள் சாதாரணக் கார்ப் பெட்ரோலில் ஓடும் என்பதுதான் அவற்றின் பெரிய கவர்ச்சி. இங்கேதான் சிக்கல். அந்த எஞ்சின்களுக்கு 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோலையே கம்பெனி அனுமதித்திருக்கிறது. நம் பெட்ரோல் பங்குகளில் 2025-இலிருந்து பொதுவாகக் கிடைப்பதோ 20 விழுக்காடு கலந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும். சில வகை ரப்பர்க் குழாய்களையும் தொட்டிப் பிசினையும் கெடுக்கும். நீரோடு சேர்ந்து தொட்டியடியில் தனியே பிரிந்து நிற்கவும் கூடும். கார் நின்றால் தள்ளலாம். ஆகவே ‘பங்குப் பெட்ரோலில் ஓடும்’ என்று சொல்லி விற்க வருபவரிடம், எந்த ஆண்டுப் பெட்ரோல் என்று கேட்பது நல்லது. ரோட்டாக்ஸில் விமானப் பெட்ரோலையும் ஊற்றலாம். ஆனால் ஈயம் படிவதால் எஞ்சின் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். மலிவு என்று வாங்கியதன் மலிவு அங்கே பாதி போய்விடும்.

உடல் எதனால் ஆனது என்பதும் வாங்குபவர் பார்க்க வேண்டியதே. புஷ்பக்கின் உடல் எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. வெளியே துணி கிழிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். குழாயின் உட்புறம் துரு தின்றிருப்பது தெரியாது. அந்தக் கொட்டகைப் புஷ்பக்கை அண்ணாச்சியும் நானும் போய்ப் பார்த்தோம். அவர் ஒரு சிறு சுத்தியலால் வால் பக்கத்துக் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. மறுபடி தட்டினார். எதுவும் பேசவில்லை. முப்பது ஆண்டு இரும்போடு பழகிய காதுக்கு என் சூத்திரம் தேவைப்படவில்லை. திரும்பி வரும் வழியில் தேநீர் குடிக்கும்போது, “அது கோயில் தேர் மாதிரி தம்பி, கும்பிட்டுட்டு வந்துரணும்” என்றார்.

அலுமினியத் தகட்டு விமானத்துக்குப் பகை கடற்காற்று. சென்னையில் ஆண்டுக்கணக்கில் வெளியே நின்றதையும் பெங்களூரில் கொட்டகையில் நின்றதையும் ஒரே விலைக்கு மதிக்கக்கூடாது. ஹன்ஸா போன்ற கண்ணாடி இழை விமானங்களுக்குப் பகை வெயில். பிசின் சூடேறினால் உறுதி குறையும். அவற்றைப் பெரும்பாலும் வெள்ளையாகவே வைத்திருப்பது அழகுக்காக அன்று.

எஞ்சினைப் பொறுத்தவரை, அதிகம் ஓடியது கெட்டது, ஓடாதது நல்லது என்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. இரண்டாயிரம் மணி நேரம் வரை பிரிக்காமல் ஓடக்கூடிய எஞ்சின், ஐந்து ஆண்டு சும்மா நின்றால் உள்ளே எண்ணெய்ப் படலம் வடிந்து கேம் தண்டில் துரு ஏறும். வாரந்தோறும் ஓடி 1200 மணி கண்ட எஞ்சினை, பத்தாண்டில் 50 மணி கண்ட எஞ்சினைவிட நான் மேலாகக் கருதுவேன். இதைக் காட்டிக்கொடுப்பது பதிவேடு. ஒவ்வொரு பறப்பும், ஒவ்வொரு பழுதும் தேதியோடு அதில் இருக்க வேண்டும். நடுவே இரண்டு ஆண்டுக்குப் பக்கம் காலியாக இருந்தால், அந்த இரண்டு ஆண்டில் என்ன நடந்தது என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும். பதிவேடு தொலைந்துபோயிற்று என்றால், விமானமே பாதி தொலைந்ததாக வைத்துக்கொள்ளலாம். வி.டி. என்று தொடங்கும் பதிவு எழுத்துகள் விற்பவர் பெயரில்தான் இருக்கின்றனவா, பறக்கும் தகுதிக்கான ஆண்டு மறு ஆய்வு முடிந்திருக்கிறதா, காப்பீடு உண்டா என்பவற்றையும் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் தாள்களில் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகச் செலவு. கொட்டகை வாடகை, காப்பீடு, ஆண்டு ஆய்வு இவை பறந்தாலும் பறக்காவிட்டாலும் உண்டு. எரிபொருளும் எண்ணெயும் எஞ்சின் தேய்மானமும் பறந்த மணிக்கு ஏற்ப. முதல் தொகையை ஆண்டில் பறக்கும் மணிகளால் வகுத்து இரண்டாவதோடு கூட்டினால் ஒரு மணியின் உண்மை விலை கிடைக்கும். வகுக்கும் எண் 30 ஆக இருந்தால் விடை பயங்கரமாக இருக்கும். 150 ஆக இருந்தால் தாங்கக்கூடியதாகும். ஒரு மனிதர் ஞாயிறுதோறும் பறந்து 150 மணி சேர்ப்பது கடினம். நால்வர் சேர்ந்தால் எளிது, எஞ்சினும் துருப்பிடிக்காது. அண்ணாச்சி இப்போது மூவரைச் சேர்த்திருக்கிறார்: ஒரு பல் வைத்தியர், ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர், மசாலா அரைக்கும் ஆலை வைத்திருக்கும் ஒருவர். நால்வரையும் பட்டறைத் தராசில் நிறுத்தாயிற்று. பல் வைத்தியர் 104 கிலோ. அவரும் அண்ணாச்சியும் ஒரே நாளில் சேர்ந்து ஏறுவதானால் தொட்டியில் எவ்வளவு ஊற்றலாம் என்று ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

செஸ்னாவைப் பறந்து காட்ட, விற்பவர் காலை ஆறரை மணிக்கு வரச் சொன்னார். அந்த நேரத்தில் பெங்களூர்க் காற்று குளிர்ந்து கனத்திருக்கும். எந்த விமானமும் குருவி போல எழும். பிற்பகல் இரண்டு மணிக்கு, இரண்டு இருக்கையும் நிறைய, உச்ச எடைக்கு உட்பட்டு ஏறிக் காட்டச் சொல்லும்படி அண்ணாச்சியிடம் கூறியிருக்கிறேன். ஓடுபாதையின் ஓரத்தில் அளவு நாடாவோடு நானும் நிற்பதாக ஏற்பாடு.